சிக்கனை விட்டுப் பன்னீருக்கு மாறினால் பூமிக்கு நல்லதா? வீட்டில் ஒரே சண்டை

சிங்காநல்லூர்_அப்பா (கேள்வி)

மகள் எட்டாவது படிக்கிறாள். போன வாரம் பள்ளியில் பருவநிலை மாற்றம் பற்றி ஏதோ புராஜெக்ட் கொடுத்தார்கள், அன்றிலிருந்து எனக்குத் தலைவலி. ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடைக்குப் பையை எடுத்தால் வாசலை மறித்து நிற்கிறாள். "இறைச்சி சாப்பிடுவதால்தான் பூமி சூடாகிறது, இனிமேல் நம் வீட்டில் சிக்கன் கிடையாது, அதற்குப் பதில் பன்னீர் வாங்கி வா." சரி, குழந்தை நல்ல விஷயம்தானே சொல்கிறது என்று அந்த வாரம் பன்னீரே வாங்கி வந்துவிட்டேன். அம்மாவுக்கோ பன்னீர் என்றால் ரப்பர். மனைவி கேட்டது வேறு கேள்வி, அதற்குத்தான் எனக்குப் பதில் தெரியவில்லை: "பன்னீர் எதிலிருந்து வருகிறது? மாட்டிலிருந்துதானே? கோழியைவிட மாடு பெரிதில்லையா?"

நாங்கள் நான்கு பேர். மாதக் கணக்கு தோராயமாகச் சொல்கிறேன். பால் நாளுக்கு ஒன்றரை லிட்டர் (தயிர், காபி எல்லாம் இதிலேயே), வாரம் ஒரு கிலோ பிராய்லர் கோழி, மாதம் ஒரு கிலோ மட்டன், முட்டை மாதம் அறுபது, துவரை உளுந்து கடலை எல்லாம் சேர்த்து ஆறு கிலோ, பன்னீர் ஒரு கிலோ, அரிசி இட்லிக்கும் சேர்த்து இருபத்தைந்து கிலோ. மீன் எப்போதாவது.

இதில் எதைக் குறைத்தால் நிஜமாகவே பயன்? "எல்லாவற்றையும் விட்டு வீகன் ஆகுங்கள்" என்ற பதில் வேண்டாம், அம்மாவிடம் தயிர் இல்லை என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. புரதமும் குறையக் கூடாது, வளரும் பிள்ளை.

கணக்கு_வாத்தி

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. மகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், பாதி கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறாள்.

இந்த விஷயத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது 2018இல் சயன்ஸ் இதழில் வந்த, பூர், நெமெசெக் என்ற இரண்டு ஆய்வாளர்களின் ஆய்வு. 119 நாடுகளில் 38,000க்கும் மேற்பட்ட பண்ணைகளின் தரவுகளைத் திரட்டிப் போட்ட கணக்கு. அதில் 100 கிராம் புரதம் உங்கள் தட்டுக்கு வந்து சேர எவ்வளவு பசுங்குடில் வாயு வெளியாகிறது என்று பார்த்தால் (எல்லாம் கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமமான கிலோவில், உலக சராசரி) கறிக்காகவே வளர்க்கும் மாடு 50, ஆடு 20, சீஸ் 11, கோழி 5.7, முட்டை 4.2, பருப்பு வகைகள் 0.84. கடைசி எண்ணை இன்னொரு முறை பாருங்கள். கோழிக்கும் பருப்புக்கும் இடையில் ஏழு மடங்கு வித்தியாசம், ஆட்டுக்கும் பருப்புக்கும் இருபது மடங்குக்கு மேல்.

பன்னீர் அந்தப் பட்டியலில் தனியாக இல்லை, ஆனால் நாமே போடலாம். ஒரு கிலோ பன்னீருக்கு ஐந்து ஆறு லிட்டர் பால் வேண்டும். லிட்டருக்கு உலக சராசரி 3.2 கிலோ. ஐந்து லிட்டர் என்றே வைத்தாலும் 16 கிலோ. பன்னீரில் புரதம் 18 சதவீதம் பக்கம். ஆக 100 கிராம் புரதத்துக்கு 9 கிலோ வருகிறது. கோழியைவிட ஒன்றரை மடங்கு. (பன்னீர் வடித்த தண்ணீரைக் கொட்டாமல் சப்பாத்தி மாவு பிசைந்தால் கணக்கு கொஞ்சம் உங்கள் பக்கம் சாயும்.)

காரணம் மாட்டின் வயிறு. அசைபோடும் பிராணிகளின் இரைப்பையில் புல்லையும் வைக்கோலையும் நுண்ணுயிர்கள் புளிக்க வைக்கும்போது மீத்தேன் உண்டாகிறது, அது வாய் வழியாக ஏப்பமாக வெளியே வருகிறது. நிறையப் பேர் வேறு வழியாக என்று நினைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள், பெரும்பங்கு ஏப்பம்தான். நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்ஸைடைவிடச் சுமார் 27 மடங்கு சூடாக்கும், ஆனால் காற்றில் பன்னிரண்டு ஆண்டு அளவுக்குத்தான் தங்கும். அதனால் இதைக் குறைத்தால் பலனும் சீக்கிரம் தெரியும். கோழிக்கு இந்த வயிறு கிடையாது.

அதனால் சைவமா அசைவமா என்று பிரிக்காதீர்கள். அசைபோடுகிறதா இல்லையா என்று பிரியுங்கள்.

வெட்டிப்பேச்சு_வேலு

ஒருத்தன் தனி விமானத்தில் சென்னைக்கும் மும்பைக்கும் பறந்துகொண்டிருக்கிறான், இங்கே நாம் பன்னீர் தண்ணீரில் சப்பாத்தி மாவு பிசைந்து பூமியைக் காப்பாற்றுகிறோம். நடத்துங்கள்.

கணக்கு_வாத்தி

வேலு, அவனையும் கேள்வி கேட்போம். ஆனால் அவன் எட்டாவது புராஜெக்ட் செய்யவில்லையே. ஒரு அப்பா நேர்மையாகக் கேட்டிருக்கிறார், பதில் சொல்லிவிட்டுப் போவோம்.

பண்ணைக்காரன்_நாமக்கல்

கோழிப் பக்கம் நின்று பேச எனக்கு உரிமை இருக்கிறது, பதினேழு வருடமாக முட்டைப் பண்ணை வைத்திருக்கிறேன். மேலே சொன்ன எண்கள் சரியாகத்தான் இருக்கும், ஆனால் அந்த 4.2, 5.7 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கொட்டகையிலிருந்து வருவதைவிட அதிகம் தீவனத்திலிருந்து வருகிறது. ஒரு கோழி நாளுக்கு 110 கிராம் தின்னும், வருடத்துக்கு முந்நூறுக்கு மேல் முட்டை போடும், ஒரு கிலோ முட்டைக்கு இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகமாகத் தீவனம். பிராய்லர் இன்னும் சிக்கனம், நாற்பது சொச்சம் நாளில் இரண்டு கிலோ எடை வந்துவிடும், கிலோவுக்கு 1.6, 1.7 கிலோ தீவனம் போதும். தீவனம் என்றால் மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிடு, முட்டைக்கோழிக்குக் கிளிஞ்சல். மக்காச்சோளம் பெரம்பலூர் பக்கமிருந்தும் வெளி மாநிலத்திலிருந்தும் வரும். சோயா மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா. 2021இல் சோயாப் புண்ணாக்கு விலை கன்னாபின்னாவென்று ஏறி, கடைசியில் மத்திய அரசு 12 லட்சம் டன் வெளிநாட்டிலிருந்து இறக்க அனுமதி கொடுத்தது நினைவிருக்கலாம். அந்த மாதிரி வருடங்களில் உங்கள் ஆம்லெட்டில் தென் அமெரிக்க மண்ணும் கொஞ்சம் சேர்ந்துவிடும், அங்கே காட்டை அழித்துச் சோயா போட்டிருந்தால் அந்தப் பாவமும்.

இன்னொன்று சொன்னால் அடிக்க வருவீர்கள். "நாட்டுக்கோழி இயற்கை, பிராய்லர் கெடுதல்" என்று எல்லோரும் சொல்கிறீர்களே, கார்பன் கணக்கில் கொட்டகையில் அடைத்து வளர்க்கும் நாட்டுக்கோழிதான் மோசம். ஒன்றரைக் கிலோ வருவதற்கு நான்கைந்து மாதம் உட்கார்ந்து தின்கிறது, கிலோவுக்குப் பிராய்லரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தீவனம் இழுக்கும். பாட்டி வீட்டுக் கொல்லையில் புழு பூச்சியும் சிந்தின சோறும் பொறுக்கித் தின்று வளர்கிறதே, அந்தக் கோழி வேறு கதை. அதற்குத் தீவனச் செலவே கிடையாது. ஆனால் இன்று கடையில் "நாட்டுக்கோழி" என்று தொங்குவதில் கொல்லைக்கோழி எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். ருசிக்காக வாங்குகிறீர்களா, வாங்குங்கள், நானும் அதைத்தான் சாப்பிடுகிறேன். பூமிக்காக என்று மட்டும் சொல்லாதீர்கள்.

எங்கள் தொழிலில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. எச்சத்தைச் சரியாகக் காயவைக்காவிட்டால் ஈ மொய்த்து ஊரே திட்டும், அம்மோனியா நெடி வேறு. ஆன்டிபயாட்டிக் விஷயம் தனிக் கதை, கோலிஸ்டினைத் தீவனத்தில் கலக்கக் கூடாது என்று 2019இல்தான் தடை வந்தது. கார்பன் ஒன்றை மட்டும் பார்த்தால் இதெல்லாம் கண்ணில் படாது.

சிங்காநல்லூர்_அப்பா

நாட்டுக்கோழி விஷயத்தை மட்டும் என் மாமனாரிடம் சொல்ல முடியாது. அவர் அதை மருந்து என்று நம்புகிறார்.

ஜிம்_தம்பி_மதுரை

அண்ணா, நடுவில் ஒரு கேள்வி. நான் வே புரோட்டீன் எடுக்கிறேன், மாதம் ஒரு டப்பா. அதுவும் பால்தானே? அப்போது நான்தான் இங்கே பெரிய குற்றவாளியா?

கணக்கு_வாத்தி

வே என்பது சீஸ் செய்யும்போது மிஞ்சும் தண்ணீர்தான் தம்பி. ஒரு காலத்தில் அதை வாய்க்காலில் விட்டார்கள். அதனால் மாட்டின் கணக்கை எவ்வளவு சீஸ் மேல் போடுவது, எவ்வளவு உன் டப்பா மேல் போடுவது என்பதில் ஆளுக்கொரு முறை வைத்திருக்கிறார்கள். கழிவு என்று எடுத்துக்கொண்டால் நீ யோக்கியன். ஆனால் இப்போது டப்பா விலையைப் பார்த்தால் யாரும் அதைக் கழிவு என்று சொல்ல மாட்டார்கள், விலைக்கு ஏற்ப பங்கு பிரித்தால் உன் தலையில் நிறைய விழும்.

மீல்மேக்கர் பிடிக்குமா? சோயாவில் எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் மாவில் செய்வது, நூறு கிராமுக்கு ஐம்பது கிராமுக்கு மேல் புரதம், உன் டப்பா விலையில் ஒரு மூட்டையே வாங்கலாம். அதே புண்ணாக்கைக் கோழிக்குப் போட்டுக் கோழியை நீ சாப்பிடுவதற்குப் பதில் நடுவில் இருக்கும் கோழியை விட்டுவிடுகிறாய், அவ்வளவுதான். நன்றாகக் கொதிக்க வைத்து இரண்டு முறை பிழிந்துவிட்டுச் சமைத்தால் அந்தப் பச்சை வாசனை போய்விடும்.

பாதாமுக்கு மாறலாமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். கார்பன் குறைவு, தண்ணீர் அதிகம். நாம் வாங்குவதில் பெரும்பாலானது கலிபோர்னியாவிலிருந்து வருகிறது, அங்கே தண்ணீருக்கு நம்மைவிடப் பெரிய சண்டை. வேர்க்கடலை இருக்கும்போது பாதாம் எதற்கு?

பாலாறு_பையன்

எல்லோரும் ஒரு விஷயத்தைச் சுற்றிக்கொண்டு போகிறீர்கள். மாட்டுக்கறி. முதல் பதிலிலேயே 50 என்று ஒரு எண்ணைப் போட்டுவிட்டு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, ஏனென்றால் இந்தக் கூட்டத்தில் யாரும் சாப்பிடுவதில்லை போலிருக்கிறது. நான் ஆம்பூர்க்காரன், எங்கள் வீட்டில் வாரம் ஒரு நாள் உண்டு.

அந்த 50 யாருடைய கணக்கு? கறிக்காக மட்டுமே மந்தை மந்தையாக வளர்க்கும் ஊர்களின் கணக்கு, பிரேசிலில் காட்டைக் கொளுத்தி மேய்ச்சல் நிலம் ஆக்கியதும் அதில் சேர்த்தி. அதே ஆய்வில் பால்பண்ணை வழியாக வரும் மாட்டுக்கறிக்குத் தனி எண் இருக்கிறது, 17. ஆட்டுக்கறியைவிடக் குறைவு. நம் ஊரில் கறிக்கென்று மாடு வளர்ப்பவர் யார்? எங்களுக்கு வருவது பால் வற்றியது, உழவுக்கு ஆகாதது, எருமை. ஏப்பத்தில் பெரும்பாலானதை அது உங்கள் காபிக்குப் பால் கொடுத்த காலத்திலேயே விட்டு முடித்துவிட்டது.

கன்று போடாமல் மாடு பால் கொடுக்காது, போடும் கன்றில் பாதி கடேரியாக (பெண் கன்றாக) இருக்காது. பால் வற்றின மாட்டுக்கு விவசாயி எத்தனை வருடம் சும்மா தீவனம் போடுவான்? அதாவது பால் என்ற ஒன்று இருக்கும் வரை மாட்டுக்கறி என்ற ஒன்று இருந்தே தீரும், இந்த நாடு எருமைக்கறி ஏற்றுமதியில் முன்வரிசையில் இருப்பதும் நம் பால் உற்பத்தி உலகத்திலேயே முதல் இடத்தில் இருப்பதும் ஒரே கதையின் இரண்டு பக்கம். பன்னீரைத் தின்றுகொண்டு "மாட்டுக்கறியால் பூமி அழிகிறது" என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. உங்களைச் சொல்லவில்லை அப்பா சார், நீங்கள் கேள்விதான் கேட்டீர்கள். ஆனால் சுற்றுச்சூழல் என்ற பேரில் பழைய தீட்டைப் புதுச் சட்டை போட்டுக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள், அதைச் சொல்லாமல் போக முடியாது.

கணக்கு_வாத்தி

ஒப்புக்கொள்கிறேன். 50ஐ விளக்கம் இல்லாமல் போட்டது என் தவறு. ஒரே ஒரு திருத்தம்: 17 என்பதும் கோழியைப் போல மூன்று மடங்கு. நீங்கள் சொல்வது போல் பாலோடு பங்கு பிரித்த பிறகு வரும் எண்தான் அது.

அப்புறம் பால் கணக்கிலும் நம் ஊருக்கு ஒரு சிக்கல். மூன்று லிட்டர் கறக்கும் மாடும் பன்னிரண்டு லிட்டர் கறக்கும் மாடும் உயிர் வாழ்வதற்கென்று தின்றே ஆக வேண்டிய அளவு ஒன்று இருக்கிறது, அதற்கான ஏப்பத்தைக் குறைந்த லிட்டர்கள் மேல் பிரித்தால் லிட்டருக்கு அதிகம் வரும். எதிர்ப்பக்கம், நம் மாடு தின்பது பெரும்பாலும் வைக்கோல், தட்டை, தவிடு, புல். அதற்காகத் தனியாகக் காடு அழியவில்லை. சாணம் எருவாகிறது. அதனால் 3.2 என்பதை வேதவாக்காக எடுக்காமல் ஒரு அளவுகோலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்டா_விவசாயி

வைக்கோல் என்றதும் உள்ளே வந்தேன். மன்னார்குடிப் பக்கம்.

நீங்கள் எல்லோரும் பருப்பு 0.84 என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள், எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஏன் அவ்வளவு குறைவு என்று யாருமே கேட்கவில்லை. உளுந்து, பயறு, துவரை எல்லாவற்றுக்கும் வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கும், பிடுங்கிப் பார்த்தால் கடுகு மாதிரி. அதற்குள் இருக்கும் பாக்டீரியா காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். யூரியா தேவையே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் நெல்லோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. யூரியா தயாரிக்க இயற்கை எரிவாயு செலவாகிறது, வயலில் போட்ட பிறகு அதில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்ஸைடாகப் போகிறது, அது கார்பன் டை ஆக்ஸைடைவிட 270 மடங்கு மோசமான வாயு. உளுந்து இந்த இரண்டையும் மிச்சப்படுத்துகிறது.

எங்கள் ஊரில் நெல் தரிசு உளுந்து என்று ஒன்று உண்டு. சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற நெல்லுக்குள்ளேயே ஈரம் பார்த்து உளுந்தைக் கையால் தெளித்துவிடுவோம். தை மாதம். உழவு கிடையாது, தண்ணீர் கட்டுவது கிடையாது, அடியுரம் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் இரவுப் பனியும் போதும், அறுபத்தைந்து எழுபது நாளில் பங்குனியில் பறித்துவிடலாம். ஆடுதுறை 3 இதற்கென்றே வந்த ரகம். டிராக்டர் ஓடாத, மோட்டார் போடாத புரதம் வேறு எதாவது இருந்தால் சொல்லுங்கள்.

இப்போது இது குறைந்துகொண்டே வருகிறது. ஆள் வைத்து அறுத்தபோது முளைத்த உளுந்து மிதிபடாமல் தப்பும். அறுவடை இயந்திரம் வந்த பிறகு அதன் செயின் சக்கரம் ஏறி ஈர வயலில் முளையை நசுக்கிவிடுகிறது, இயந்திரம் போட்ட வைக்கோல் வரிசைக்கு அடியில் முளைத்தது மூச்சு முட்டிச் சாகிறது. அறுத்த பிறகு தெளித்தால் ஈரம் காய்ந்துவிடுகிறது. வைக்கோலைக் கட்டு கட்டும் இயந்திரம் அப்புறம் வந்து இன்னொரு முறை மிதிக்கும். நான் போன வருடம் நான்கு ஏக்கரில் தெளித்து ஒன்றரை ஏக்கர்தான் ஒழுங்காக வந்தது.

இந்தப் பக்கம் இப்படி இருக்க, உங்கள் சாம்பாருக்குத் துவரை மொசாம்பிக், தான்சானியா, மியான்மரிலிருந்து வருகிறது. உலகத்திலேயே அதிகமாகப் பருப்பு விளைவிப்பதும் நாம்தான், அதிகமாகத் தின்பதும் நாம்தான், அதிகமாக இறக்குமதி செய்வதும் நாம்தான். ரேஷன் கடையில் கனடாப் பருப்பு கொடுத்த காலமும் உண்டு. கப்பலில் வருவதால் கார்பன் பெரிதாகக் கூடிவிடாது, அது எனக்கும் தெரியும். வயிற்றெரிச்சல் வேறு.

கடைசியாக ஒன்று. புரதம் புரதம் என்று பேசுகிறீர்கள், தட்டில் மலையாக இருக்கிற சோற்றை யாரும் பார்க்கவில்லையே? தண்ணீர் கட்டி நிற்கும் நெல் வயலில் சேற்றுக்குள் காற்றுப் போகாது, அங்கேயும் மாட்டு வயிற்றில் நடக்கிற அதே கதைதான், அதே மீத்தேன்தான். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால், அதாவது விட்டது வடிந்து மண் லேசாக வெடிக்கும்போது அடுத்த தண்ணீர் கட்டினால், மீத்தேன் நன்றாகக் குறையும், விளைச்சல் குறையாது. ஆனால் ஆற்றுப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது கிடைக்கிற அன்று கட்டி வைத்துக்கொள்ளத்தான் மனம் சொல்லும். அடுத்த முறை வருமோ வராதோ.

கணக்கு_வாத்தி

அரிசிக்கு உலக சராசரி கிலோவுக்கு 4.5 கிலோ. அப்பா சார், உங்கள் மாதக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், மகளையே போடச் சொல்லுங்கள். கிலோவுக்கு என்று பார்த்தால் கோழி சுமார் 10, மட்டன் 40, முட்டை 4.7, பருப்பு 1.8. மீதி மேலே இருக்கிறது.

நாகை_கடலோரம்

மீன் எப்போதாவது என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் மனசு கேட்கவில்லை. மீனில் ஒரே எண் என்று எதுவும் கிடையாது. ஃபைபர் படகில் போய்க் கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கூட்டமாக வரும் மத்தியை (சாளை என்பார்கள் தெற்கே) வலை போட்டு எடுத்து வந்தால் செலவான டீசலும் குறைவு, கிடைத்த மீனும் அதிகம். யாரும் தீவனம் போடவில்லை, நிலம் வேண்டாம். நெத்திலியும் அப்படித்தான். இழுவைமடி போட்டுக் கடலின் அடித்தரையைச் சுரண்டிக்கொண்டு போகும் விசைப்படகு வேறு, அது குடிக்கும் டீசலும் வேறு, வலையில் வரும் குஞ்சும் குறுமணியும் வேறு. அந்தக் குப்பை மீன் எங்கே போகிறது தெரியுமா? மீன்மாவு ஆலைக்கு. அங்கிருந்து இறால் பண்ணைக்கும் கோழித் தீவனத்துக்கும். நல்ல மத்தியே லாரி லாரியாக அரைபடப் போவதையும் பார்த்திருக்கிறேன். மனிதன் நேராகச் சாப்பிட வேண்டிய மீன் சார் அது.

பண்ணை இறால் அந்த ஆய்வில் ஆட்டுக்கறிக்குப் பக்கத்தில் நிற்கிறது, 18. கோயம்புத்தூரில் எல்லோரும் வஞ்சிரம், இறால் என்றுதான் கேட்பீர்கள். மத்தி வாங்கிப் புளி கூட்டிக் குழம்பு வைத்துப் பாருங்கள், விலையும் பாதிக்கும் கீழே. முள் இருக்கிறது என்று பிள்ளைகள் அழும், இரண்டு வாரத்தில் பழகிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இந்தக் கரையில் விசைப்படகுக்குத் தடை, அந்த 61 நாளில் ஐஸ் வைத்த பழைய மீனைத் தேடாமல் கருவாடு வாங்குங்கள். வெயிலில் காய்ந்தது, கரண்ட் செலவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

சத்துணவு_டீச்சர்

இதைப் படிக்கும் வேறு பெற்றோருக்காக ஒரு வார்த்தை. இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு முட்டையைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள். எங்கள் பள்ளியில் வாரம் ஐந்து நாளும் சத்துணவில் முட்டை, சில பிள்ளைகளுக்கு அன்றைக்கு உருப்படியான புரதம் அது மட்டும்தான். முட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துத் தம்பிக்கு எடுத்துப் போகும் பிள்ளையை நான் தினமும் பார்க்கிறேன். குறைக்க வேண்டியது அதிகம் சாப்பிடுகிறவர்கள்.

சிங்காநல்லூர்_அப்பா

மகளும் நானும் நேற்று இரவு உட்கார்ந்து போட்டோம். உலக சராசரியை வைத்துத்தான், துல்லியம் இல்லை என்று தெரியும். ஆனால் வந்த வரிசை எங்கள் இரண்டு பேர் வாயையும் அடைத்துவிட்டது.

மாதம் பால் 45 லிட்டருக்கு 144 கிலோ. அரிசி 112. கோழி 40, மட்டன் ஒரே ஒரு கிலோவுக்கு அதே 40. பன்னீர் 16, முட்டை 14, பருப்பு எல்லாம் சேர்த்து 11. மொத்தம் 377. இவள் வாசலை மறித்து நின்ற சிக்கன், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. காபியும் தயிரும் பத்தில் நான்கு பங்குக்குப் பக்கம்.

புரதத்தையும் ஒரு பக்கம் எழுதிப் பார்த்தோம். அங்கேதான் எனக்கு ஆச்சரியம். அரிசியில் 7 சதவீதம் என்று போட்டால் மாதம் 1,750 கிராம், எங்கள் வீட்டில் அதிகப் புரதம் சோற்றிலிருந்துதான் வருகிறது! பால் 1,440, பருப்பு 1,320, கோழி 700, முட்டை 360, மட்டன் 200, பன்னீர் 180. ஆளுக்கு நாளுக்கு ஐம்பது கிராம் வருகிறது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்வது உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், அதற்குக் கிட்டத்தட்டச் சரியாக இருக்கிறது. பருப்பு 1,320 கிராம் கொடுத்துவிட்டு 11 கிலோ மட்டும் எடுத்துக்கொள்கிறது. டெல்டா ஐயா வருத்தப்பட்டது நியாயம்தான்.

முடிவு என்னவென்றால், பன்னீர் நின்றது, அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். சிக்கன் மாதம் நான்கிலிருந்து மூன்று. மட்டன் தீபாவளி, பொங்கல் மாதிரி நாட்களுக்கு. அந்த இடத்தில் கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, வாரம் ஒரு நாள் மத்தி (மகள் முள்ளைப் பார்த்துப் பயந்துபோய் இருக்கிறாள், பார்க்கலாம்). கடலையை இரவே ஊறப்போட்டால் கேஸ் மிச்சமாகும் என்று மனைவி சொன்னதும் மகள் அதையும் கணக்குப் போட்டாள், ஒரு சிலிண்டர் எரிந்தால் 42 கிலோ கார்பன் டை ஆக்ஸைடாம். பாலை ஒன்றரையிலிருந்து ஒன்றே கால் ஆக்கலாமா என்று மெதுவாக ஆரம்பித்தேன், அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அது இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

டெல்டா ஐயா, அந்த நெல் தரிசு உளுந்தைக் கோவையில் இருந்துகொண்டு நேராக வாங்க வழி இருக்கிறதா? இட்லிக்கு மாதம் இரண்டு கிலோ எடுத்துக்கொள்வோம்.

டெல்டா_விவசாயி

இப்போது கையில் இல்லை சார், விதைக்கு வைத்திருப்பதுதான் இருக்கிறது. பங்குனியில் இதே திரியில் கேளுங்கள். உடைக்காத கறுப்பு உளுந்துதான் கிடைக்கும், தோலோடு ஊறவைத்து ஆட்டுவீர்கள் என்றால் சொல்லுங்கள், இட்லி கொஞ்சம் சாம்பல் நிறமாக வரும்.